கட்சிக்காரர் பணமும் அலுவலகப் பணமும்

நீதிமன்ற வளாகத்துக்கு எதிரே ஓர் அறை, ஒரு குமாஸ்தா, ஒரு ஜூனியர். தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரங்களில் இப்படித் தனியாகத் தொழில் நடத்தும் வழக்கறிஞர்களின் ஆண்டு வரவைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் மோசமாக இருக்காது. ஆனாலும் ஐந்தாம் தேதி சம்பளம் கொடுக்கும்போது கை இறுகும். வரவு ஒழுங்கில்லாமல் மொத்தமாக வருகிறது, செலவு மாதாமாதம் ஒரே அளவில் போகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த காரணம். அதைவிட ஆபத்தான காரணம் ஒன்று உண்டு. வங்கிக் கணக்கில் தெரியும் தொகையில் ஒரு பெரும் பங்கு நம்முடையதே அல்ல. கோர்ட் ஃபீ கட்டக் கொடுத்தது, ஆணையருக்கு என்று கொடுத்தது, இன்னும் செய்யாத வேலைக்கு முன்பணமாகக் கொடுத்தது எல்லாம் அதில் கலந்து கிடக்கிறது. அதிலிருந்து வாடகை கட்டிவிட்டால், பிராது தாக்கல் செய்யும் நாளில் இன்னொரு கட்சிக்காரர் தந்த முன்பணத்தில் கைவைக்க வேண்டிவரும். ஒருவர் பணத்தில் மற்றவர் வழக்கை நடத்தும் நிலைக்கு வந்துவிட்ட அலுவலகத்தில், புது வழக்குகள் வர வர நெருக்கடி கூடுமே தவிரக் குறையாது.

ஆகவே கையில் உள்ள தொகை யாருடையது, அது எந்த நாளில் நம்முடையதாகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு எந்த நேரத்திலும் பதில் சொல்லக்கூடிய நிலையில் அலுவலகத்தை வைத்திருக்க வேண்டும். மற்ற உத்திகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டு வங்கிக் கணக்கு

இந்திய பார் கவுன்சில் விதிகளின் ஆறாம் பகுதி, இரண்டாம் அத்தியாயத்தில் வரும் 25, 26ஆம் விதிகளை ஒவ்வொரு ஜூனியரும் ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். கட்சிக்காரர் ஒப்படைத்த பணத்துக்கு வழக்கறிஞர் கணக்கு வைக்க வேண்டும். வந்த தொகை, செய்த செலவு, ஃபீஸாக எடுத்துக்கொண்டது ஆகியவை தேதியுடன் அதில் இருக்க வேண்டும். வந்த தொகை ஃபீஸுக்கா செலவுக்கா என்பதையும் குறிக்க வேண்டும். வழக்கு நடக்கும்போது, செலவுக்கென்று வந்ததை ஃபீஸாக மாற்றிக்கொள்ளக் கட்சிக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். கட்சிக்காரருக்குப் பாதுகாப்பாக எழுதப்பட்ட விதிகள் இவை. ஆனால் அலுவலகத்தின் பண ஓட்டத்துக்கும் இவற்றைவிட நல்ல அடித்தளம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

விதி கேட்பது கணக்குப் பதிவு. அதை எளிதாக்க நான் வற்புறுத்துவது தனி வங்கிக் கணக்கு. ஒன்று கட்சிக்காரர் செலவுக் கணக்கு, மற்றது அலுவலகக் கணக்கு. மேசையில் இரண்டு க்யூஆர் அட்டைகள் இருக்கட்டும், ‘வழக்குச் செலவு’, ‘வக்கீல் ஃபீஸ்’ என்று பெரிய எழுத்தில். பணம் செலுத்தும்போதே எது எதற்கு என்று கட்சிக்காரருக்கும் தெரிந்துவிடும். ரொக்கமாகத் தந்தால் ரசீதில் இரண்டையும் பிரித்து எழுதி, அன்று மாலையே வங்கியில் செலுத்துங்கள்.

ஓர் உதாரணம். பத்து லட்ச ரூபாய் கடனை வசூலிக்க ஒருவர் வழக்குத் தொடுக்க வருகிறார். தமிழ்நாட்டில் பண வசூல் வழக்குக்குக் கோர்ட் ஃபீ 2017 வரை ஏழரை சதவீதமாக இருந்தது, அந்த ஆண்டில் மூன்று சதவீதமாகக் குறைந்தது. ஆக 30,000 ரூபாய். பேட்டா, தட்டச்சு, ஜெராக்ஸ், இ-ஃபைலிங்குக்கான ஸ்கேன், வக்காலத்தில் ஒட்டும் நல நிதி முத்திரை, நகல் மனு என்று தொடக்கச் செலவுக்கு 5,000. நம் ஃபீஸ் 60,000, அதில் முதல் தவணை 20,000. கட்சிக்காரர் அன்று தருவது 55,000. கலந்து வைத்தால் அது நல்ல வரவாகத் தோன்றும். பிரித்து வைத்தால் 35,000 செலவுக் கணக்குக்குப் போகும். அலுவலகத்துக்கு வந்தது 20,000 மட்டும். அதுவும் பிராது தயாராகித் தாக்கல் ஆகும் வரை முழுமையாகச் சம்பாதித்த பணம் ஆகாது. நடுவில் நாம் வழக்கிலிருந்து விலக நேர்ந்தால், செய்யாத வேலைக்கு வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் விதிதான்.

பெரிய தொகைகளில் கவனமாக இருப்பவர்கள்கூட ஏமாறும் இடம் சில்லறைச் செலவு. பேட்டாவுக்கு நூறு, நகலுக்கு இருநூறு, தபாலுக்கு ஐம்பது என்று குமாஸ்தா தன் பையிலிருந்தோ நம் மேசையிலிருந்தோ எடுத்துக் கட்டுகிறார். நடப்பில் நூறு வழக்குகள் உள்ள அலுவலகத்தில் இப்படி வழக்குக்கு 500 ரூபாய் முடங்கினாலே 50,000 ரூபாய், அதாவது ஒரு மாத அலுவலகச் செலவு, வெளியே நிற்கிறது. இது விதிக்கும் ஒவ்வாத பழக்கம். தான் நடத்தும் வழக்குக்காகக் கட்சிக்காரருக்கு வழக்கறிஞர் கடன் தரக்கூடாது என்கிறது 32ஆம் விதி; முன்னேற்பாடு ஏதுமின்றி, நீதிமன்ற விதியின் கட்டாயத்தால் கட்ட நேர்ந்த தொகைக்கு மட்டும் விலக்கு. ஒவ்வொரு கேஸ் கட்டின் உள் அட்டையிலும் ஒரு கணக்குத் தாளை ஒட்டுங்கள். இடப்பக்கம் பெற்றது, வலப்பக்கம் செலவானது, ஒவ்வொன்றுக்கும் தேதி. மீதி ஆயிரத்துக்குக் கீழே இறங்கினால் அடுத்த வாய்தாவுக்கு முன் செலவுத் தொகை கேட்க வேண்டும். கேட்பது குமாஸ்தாவின் வேலை. கேட்டாரா என்று வெள்ளிக்கிழமை மாலை பார்ப்பது உங்கள் வேலை.

உயர் நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞரை அமர்த்தும்போது அவருடைய ஃபீஸை நம் வழியாக வாங்கிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. முடிந்தவரை கட்சிக்காரரே நேரடியாகச் செலுத்தட்டும். பெரிய தொகை, தாமதமானால் பழி நம் மேல் விழும்.

வக்காலத்து அன்றே ஃபீஸ் பேச்சு

‘முதலில் கேஸைப் பாருங்க சார், ஃபீஸைப் பிறகு பார்த்துக்கலாம்’ என்று கட்சிக்காரர் சொல்வார். நாமும் சங்கோசத்தில் தலையாட்டுவோம். வக்காலத்தில் கையெழுத்தாகும் அந்த நாளில்தான் நம் வேலைக்கு என்ன மதிப்பு என்று இரு தரப்பும் நிதானமாகப் பேச முடியும். ஆறு மாதம் கழித்து, இடைக்காலத் தடை கிடைத்த பிறகோ மறுக்கப்பட்ட பிறகோ பேசினால் அது மனக்கசப்பில் முடியும்.

தமிழில், ஒரே பக்கத்தில், ஒரு கடிதம் போதும். எந்த வழக்கு, எந்த நீதிமன்றம், மொத்த ஃபீஸ் எவ்வளவு, எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு, செலவு தனி, மேல்முறையீடும் நிறைவேற்று மனுவும் இந்த ஃபீஸில் சேராது. கடைசியாகச் சொன்னதைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். தீர்ப்பு வந்த பிறகும் ஈ.பி. மனுவை இலவசமாக நடத்திக் கொண்டிருக்கும் அலுவலகங்கள் நிறைய. அந்தக் கடிதத்தில் இருவரும் கையெழுத்திட்டு, நகல் ஒன்றைக் கட்சிக்காரரிடம் கொடுங்கள்.

மேலே சொன்ன 60,000 ரூபாயை நான் இப்படிப் பிரிப்பேன்: பிராது தாக்கலுக்கு 20,000, எதிருரை வந்து எழுவினா வனையும்போது 10,000, நிரூபண வாக்குமூலம் தாக்கலாகிச் சாட்சி விசாரணை தொடங்கும்போது 15,000, வாதத்துக்கு முன் 15,000. ஒவ்வொரு தவணையும் கட்சிக்காரர் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு முன்னேற்றத்தோடு சேர்ந்திருக்கிறது. வழக்கு நகர்ந்தது தெரிந்தால் பணம் தரும் மனம் வரும்.

வாய்தாவுக்கு இவ்வளவு என்று வாங்குவது நம் நீதிமன்றங்களில் பழைய வழக்கம். கையில் அன்றாடம் ஏதோ வந்துகொண்டிருக்கும் என்பதால் அது பாதுகாப்பாகத் தோன்றுகிறது. நான் அதை விரும்புவதில்லை. நீதிபதி விடுப்பு, எதிர்த்தரப்பு அவகாசம் என்று தள்ளிப்போன நாளுக்கும் கட்சிக்காரர் பணம் தருகிறார். பஸ் செலவு, அன்றைய கூலி இரண்டையும் இழந்து வந்தவர் தருகிறார். தாமதத்தால் வக்கீலுக்கு லாபம் என்ற சந்தேகம் அவருக்குள் விழுந்துவிடும். விழுந்தால் எடுக்க முடியாது. அலுவலகத்துக்கும் அதில் நன்மை குறைவு: கடுமையான உழைப்பு கேட்கும் குறுக்கு விசாரணைக்கும் வெறும் ‘அழைத்து ஒத்திவைத்த’ நாளுக்கும் ஒரே தொகை.

எல்லா வழக்கையும் தவணையில் வைக்க முடியாது. ஜாமீன் மனு ஓரிரு வாரத்தில் முடிந்துவிடும்; ஃபீஸ் முழுவதையும் தாக்கலுக்கு முன் வாங்குங்கள். காசோலை வழக்குக்கு நோட்டீஸ் தனி வேலை, புகார் தனி வேலை. வங்கி மெமோ கிடைத்த முப்பது நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும் என்பதால் நோட்டீஸ் ஃபீஸ் அன்றன்றே. சொத்து ஆவணங்களுக்கான லீகல் ஒப்பினியனைத் தனிநபர் கேட்டால், கையெழுத்திட்ட கருத்துரையைக் கொடுக்கும்போது பணம் வந்திருக்க வேண்டும்.

மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொள்வது பல ஊர்களில் சர்வ சாதாரணம். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் 20ஆம் விதி தடை செய்கிறது. சுனிதா எதிர் தெலங்கானா அரசு வழக்கில் 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. இழப்பீட்டில் சதவீதமாகக் கேட்ட ஃபீஸுக்காக வாங்கிய காசோலையை வைத்துத் தொடுத்த வழக்கையே அது ரத்து செய்தது. கணவனை இழந்து வரும் பெண்ணிடம் முன்பணம் எப்படிக் கேட்பது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை, வழக்கின் முடிவோடு தொடர்பில்லாத ஒரு நிலையான ஃபீஸ், சிறு சிறு தவணைகளில். அதுவும் முடியாதவர் என்றால் இலவச சட்ட உதவிக்கு வழிகாட்டுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அந்த உதவி உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

இலவசமாக நடத்தும் வழக்குகளை நான் குறைக்கச் சொல்லவில்லை. நல்ல அலுவலகத்துக்கு அவை வேண்டும். ஆனால் முதல் நாளே இலவசம் என்று முடிவெடுத்துக் கட்டின் மேல் எழுதிவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு, வசூலாகாமல் போய், காலப்போக்கில் இலவசமாகிப்போன வழக்குகள்தான் அலுவலகத்தை அரிக்கின்றன. அப்படிப்பட்ட கட்டைக் கையில் எடுக்கவே மனம் வராது; நஷ்டம் கடைசியில் கட்சிக்காரருக்கும்தான்.

மே மாதத்துப் பள்ளம்

உரிமையியல் நீதிமன்றங்களுக்கு மே மாதம் கோடை விடுமுறை. அடுத்து ஜூனில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். ஆயுத பூசை, கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறைகள், நடுவே நீதிமன்றப் புறக்கணிப்பு நாட்கள். கணக்கிட்டுப் பார்த்தால் உரிமையியல் வழக்குகளை நம்பிய அலுவலகத்துக்கு ஆண்டில் பத்து மாதம்தான் சம்பாதிக்கும் மாதம்.

அலுவலகச் செலவை இப்படி வைத்துக்கொள்வோம்: வாடகை 12,000, குமாஸ்தாவுக்கு 15,000, ஜூனியருக்கு 15,000, தாள், டோனர், சட்ட இதழ்களுக்கு 5,000, மின்சாரம், இணையம், தொலைபேசிக்கு 3,000. மொத்தம் 50,000. வீட்டுக்கு 40,000. ஆண்டுக்கு 10,80,000. இதைப் பன்னிரண்டால் வகுத்து 90,000 வந்தால் போதும் என்று நினைப்பவர் மே மாதம் நகையை அடகு வைக்க நேரும். பத்தால் வகுத்தால் 1,08,000. அந்தத் தொகைக்கு மேல் வரும் மாதங்களில் மிஞ்சுவதை அலுவலகக் கணக்கிலேயே விட்டுவிடாமல், மூன்று மாத அலுவலகச் செலவுக்கு ஈடான ஒன்றரை லட்சம் சேரும் வரை ஒரு வைப்புக்கு மாற்றுங்கள். வீட்டுக்கு மாதம் 40,000 என்றால் 40,000தான். நல்ல மாதத்தில் ஒரு லட்சம் எடுத்துவிட்டு அடுத்த மாதம் வெறுங்கையோடு போவது வீட்டாரையும் வாட்டும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை நிலுவைத் தவணைகளைக் கேட்டு வாங்கும் காலம் என்று டைரியில் குறித்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் பத்திரப் பதிவு அலுவலகங்களும் வங்கிகளும் திறந்தே இருக்கின்றன, குற்றவியல் நீதிமன்றங்கள் நடக்கின்றன. உயில், பாகப் பிரிவினைப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், ஒப்பினியன், நோட்டீஸ் வேலைகளை அந்த மாதத்துக்கு என்று ஒதுக்கி ஏற்றுக்கொள்ளலாம்.

மாதக் கடைசி ஞாயிறன்று ஒரு தாளை எடுத்து அடுத்த மூன்று மாதத்துக்கு வரவேண்டியதையும் போகவேண்டியதையும் எழுதுங்கள். தேதி சொல்லி ஒப்புக்கொண்ட தவணையை முழுதாகவும், ‘தந்துடறேன் சார்’ என்று மட்டும் சொன்னதைப் பாதியாகவும் போடுங்கள். வங்கி, காப்பீட்டு நிறுவனப் பில்களை அனுப்பிய மாதத்தில் போடாதீர்கள். கடந்த ஆண்டு அவை எத்தனை மாதம் கழித்து வந்தனவோ அந்த மாதத்தில் போடுங்கள்.

நிறுவனங்களிடமிருந்து வரும் பணம்

வங்கியின் பேனலில் இருப்பது கௌரவம், தொடர்ச்சியான வேலை. பணமோ மெதுவாக வரும். எண்ணிட்ட பில், அனுப்பிய தேதி, பெற்றுக்கொண்டவர் கையொப்பம், பணம் வந்த தேதி என்று ஒரு பதிவேடு வையுங்கள். ஆண்டுக் கடைசியில் மொத்தமாக அனுப்பாமல் மாதம் ஒருமுறை அனுப்புங்கள். மேலாளர் மாற்றலாகிப் போய்விட்டால் பழைய பில்லை நிரூபிக்க அந்தப் பதிவேடு ஒன்றுதான் கைகொடுக்கும். மொத்த வரவில் பாதிக்கு மேல் ஒரே நிறுவனத்திலிருந்து வந்தால் அது தொழிலுக்கே ஆபத்து.

நிறுவனங்கள் ஃபீஸில் பத்து சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். ஃபீஸுக்கு ஒரு பில், செலவுக்கு ரசீதுகளோடு தனிப் பில் கொடுங்கள். இல்லையேல் நீங்கள் கட்டிய கோர்ட் ஃபீக்கும் வரி பிடித்துவிடுவார்கள். ஜிஎஸ்டி பற்றிப் பதறத் தேவையில்லை. தனிநபர்களுக்குச் செய்யும் வக்கீல் பணிக்கு விலக்கு உண்டு. வரம்புக்கு மேல் வணிகம் செய்யும் நிறுவனத்துக்குச் செய்தால், வரியை அந்த நிறுவனமே நேரடியாகக் கட்ட வேண்டும். பில்லில் அதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

வருமான வரிக்கு, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு கொண்டுவந்த உத்தேச வருமானத் திட்டம் சிறு அலுவலகங்களுக்குப் பெரிய உதவி. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்க வரவு ஐந்து சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம்) பாதியை வருமானமாகக் காட்டலாம், முன்வரியை மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம். 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண் மாறுகிறது, திட்டம் தொடர்கிறது. 12 லட்சம் வரவு, அதில் வங்கியிலிருந்து 3 லட்சம் என்று கொள்வோம். உத்தேச வருமானம் 6 லட்சம். 2025–26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் வரியே வராது. ஆனால் பிடிக்கப்பட்ட 30,000 அரசிடம் நிற்கிறது. கடைசித் தேதி வரை காத்திராமல் டிடிஎஸ் வரவு வருமான வரித் தளத்தில் சரியாக ஏறியதும் கணக்கைத் தாக்கல் செய்தால் அந்தப் பணம் சீக்கிரம் திரும்பும்.

ஜூனியரின் சம்பளம்

பணமுடை வரும் மாதத்தில் முதலில் தள்ளிப்போடப்படுவது ஜூனியரின் தொகை. அவர் கேட்கமாட்டார் என்பதுதான் காரணம். 2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் ஊக்கத்தொகை கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. கிராமத்திலிருந்து வந்து வாடகை அறையில் தங்கி வேலை கற்கும் ஒரு பெண்ணோ பையனோ மூன்று மாதம் பணம் வராமல் தாக்குப்பிடிக்க முடியாது, தொழிலைவிட்டே போய்விடுவார்கள். வாடகைக்கும் முன்பாக இதை மூன்றுமாதத் தாளில் முதல் வரியாக எழுதுங்கள். அந்தத் தொகையைத் தாங்க முடியவில்லை என்றால், இரண்டு சிறு அலுவலகங்கள் சேர்ந்து ஒரு ஜூனியரை, முழு ஊக்கத்தொகையோடு, பகிர்ந்துகொள்ளலாம்.

பாக்கி வைப்பவர்கள்

பெரும்பாலான பாக்கி, கேட்காததால் நிற்கும் பாக்கி. ஒரு கட்டம் முடிந்த அன்றே செய்தி போக வேண்டும்: ‘ஐயா, இன்று உங்கள் வழக்கில் எழுவினா வனையப்பட்டது. நம் கடிதத்தின்படி இரண்டாம் தவணை ரூ.10,000 தர வேண்டியுள்ளது. செலவுக் கணக்கில் ரூ.1,340 மீதி உள்ளது. கணக்கு நகல் இணைத்துள்ளேன்.’ இதில் கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. கணக்கு நகலைச் சேர்த்து அனுப்பும்போது பேரம் பேசுவது குறைகிறது.

வாதத்துக்கு முந்தைய நாள் ‘பணம் வந்தால்தான் ஆஜராவேன்’ என்று சொல்லாதீர்கள். தகுந்த காரணமும் போதிய முன்னறிவிப்பும் இல்லாமல் விலகக்கூடாது என்பது விதி. அதைவிட, அந்த நிலையில் அவருக்குப் போக வேறு இடமில்லை. இரண்டு தவணை நின்றாலே எழுத்தில் அறிவித்து, வேறு வக்கீல் வைக்க அவகாசம் தந்து விலகுங்கள். கேஸ் கட்டைப் பிணையாகப் பிடித்து வைக்கவும் முடியாது. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம், ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைத் தடுத்துவைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டது. கட்டைக் கொடுத்து, பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பேசிய ஃபீஸுக்காக உரிமையியல் வழக்குத் தொடுக்கும் உரிமை 1926ஆம் ஆண்டு வழக்கறிஞர் கட்டணச் சட்டப்படி நமக்கு உண்டு. காலவரையறை மூன்று ஆண்டு. அது முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாகக் கணக்கு ஓடும். நான் அந்த வழியைப் பரிந்துரைப்பது அரிது. தொகை பெரிதாக இருந்து, எதிரில் இருப்பது வசதியுள்ள நிறுவனமாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். மற்றபடி மார்ச் மாதம் பாக்கிப் பட்டியலை எடுத்து, வராது என்று தெரிந்தவற்றை அடித்துவிட்டு, எந்த வகை வழக்கில், யார் மூலம் வந்தவர்களிடம் அதிகம் நின்றது என்று பாருங்கள். அடுத்த ஆண்டு அந்த வகைக்கு முதல் தவணையை உயர்த்துங்கள்.

தீர்ப்பானதும் கணக்கை முடித்து நகல் கொடுக்க வேண்டும். பேசிய ஃபீஸில் பாக்கி இருந்தால், வழக்கு முடிந்த பிறகு செலவுக் கணக்கின் மீதியிலிருந்து எடுத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. பாக்கி இல்லையென்றால் மீதி எத்தனை சிறிய தொகையானாலும் திருப்பித் தர வேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்த வழக்கில் கோர்ட் ஃபீ திரும்பக் கிடைக்கும். தரப்பினர் தமக்குள் வெளியே பேசி முடித்தாலும் அது பொருந்தும் என்று 2021ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் உதாரணத்தில் அது 30,000 ரூபாய், முழுக்கக் கட்சிக்காரருடையது. அதற்கான மனுவை அவர் கேட்பதற்கு முன் நாமே போட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்.